பிரேக்கை மிதிக்காத இறக்கம்

ஹப்புத்தளையிலிருந்து பெரகல சந்திக்கு ஹுமைத் நானாவின் மொரிஸ் மைனர் இறங்கி வந்தால், பெட்ரோல் முள் கீழே போகாது; மேலே ஏறும். சரி, ஏறாது. நின்ற இடத்திலேயே நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கொஞ்சம் உப்புக் கூடத்தான். ஆனால் எழுபத்து நான்காம் ஆண்டில், பெரகல சந்தித் தேநீர்க்கடை வாங்கில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேச ஓர் ஆள் இருந்திருக்காது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு பேர்.

பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறி, பாணுக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. ஹயருக்கு ஓடிய வாடகைக் கார்களில் பாதி, சக்கரத்தைக் கழற்றிக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஹுமைத் நானாவின் சாம்பல் நிற மைனர் மட்டும் பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் சளைக்காமல் ஓடியது. எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் ஒளிக்காமல் சொல்வார். சொல்வதில் அவருக்கு அவ்வளவு இன்பம்.

டயருக்குக் காற்றைக் கல்லுமாதிரி அடித்து வைப்பார். கூரையில் இருந்த சாமான் கம்பியைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டார். டிக்கியில் கிடந்த பழைய இரும்பெல்லாம் வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டது. ஸ்பார்க் பிளக்கைத் தன் பல்லைவிடச் சுத்தமாக வைத்திருந்தார். கார் கொஞ்சம் வேகம் பிடித்ததோ இல்லையோ, அடுத்த கியருக்குப் போய்விடுவார். ஆள் வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்து நிற்பது அவர் அகராதியிலேயே இல்லை. எக்ஸிலரேட்டரை எப்படி மிதிப்பது என்று கேட்டால், “மிதிக்கிறதா? தூங்குற புள்ளட கன்னத்தத் தொடுற மாதிரித் தொடுங்க மகன்” என்பார்.

இதெல்லாம் சில்லறை வித்தை. பெரிய வித்தை ஹப்புத்தளை ரயில் கடவைக்குக் கீழேதான் தொடங்கும். இறக்கம் பிடித்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார். கார் தன் பாரத்தில் தானே உருளும். எஞ்சின் ஓசை இல்லாமல், டயர் தாரில் உரசும் சத்தத்தோடு மட்டும், ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம் என்று அந்த மைனர் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் கார் என்றே தோன்றாது.

இந்த வித்தையை மற்ற டிரைவர்களும் செய்து பார்த்தார்கள். ஆனால் பாதி வழியில் எல்லாரும் தோற்ற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் ஒரு மதகு. மதகைத் தாண்டினால் சின்ன ஏற்றம். மாட்டுத் திமில் அளவுதான், ஆனால் உருண்டு வருகிற காருக்கு அது மலை. வளைவில் பயந்து பிரேக்கில் கால் வைத்தவனுடைய கார் ஏற்றத்தில் ஏறாமல் நின்றுவிடும்; பிறகு எஞ்சினைப் போட்டுத்தான் ஆகவேண்டும். ஹுமைத் நானாவின் கார் மட்டுமே எஞ்சின் இல்லாமல் அந்த ஏற்றத்தைக் கடந்து சந்திவரை வந்து சேரும். “பிரேக் மிதிக்கிறதெண்டா வேகத்தக் குப்பையில கொட்டுற” என்பது அவருடைய வேதவாக்கு. சேர்த்த வேகத்தை ஏன் கொட்டுவது?

அன்றைக்குப் பண்டாரவளையில் ஆளை இறக்கிவிட்டு வெறும் காராகத் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். மலை துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது. வளைவைத் திரும்பியதும் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போவதைக் கண்டார். தலையில் விறகுக்கட்டு. ரோட்டின் நடுவில் இல்லை, ஓரத்திலும் இல்லை. வாகனச் சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நடக்கிறவர்கள் நடக்கிற இடத்தில் நடந்தாள். அந்த ரோட்டில் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். தலையில் சுமை இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பார்கள்.

ஹுமைத் நானாவின் கால் பிரேக்குக்குப் போனது. போய், அதன்மேல் படாமல் நின்றது. ஏற்றம் முன்னால் தெரிந்தது. விலகிவிடுவாள் என்று மனம் சொன்னது. ஹோர்னில் கை போகக்கூட இல்லை. விலகிவிடுவாள் என்பது அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

கார் முதுகுக்குக் கிட்ட வந்த பிறகுதான் அவளுக்கு டயர்ச் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பினாள், பாய்ந்தாள். விறகுக்கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ரோட்டோரம் கருங்கல் கட்டிய வடிகானுக்குள் கை மடங்க விழுந்தாள். கார் அவள்மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. மதகைத் தாண்டியது, ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறியது, உச்சியைக் கடந்தது.

அந்த நொடியில் ஹுமைத் நானாவின் நெஞ்சில் முதலில் வந்தது சந்தோசம். ஏறிவிட்டது! பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த முன்பின்னை அவர் அதற்கப்புறம் ஒரு தொழுகையிலும் மறக்கவில்லை.

காரை நிறுத்தி, எஞ்சினைப் போட்டு, பின்னோக்கியே ஏற்றத்தில் கொண்டுபோனார். அவள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற நல்லம்மா. மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் வலியைக் கடித்துக்கொண்டு பின் ஆசனத்தில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர், “என்ன நடந்திச்சு?” என்று கேட்டார்.

“பனி. வழுக்கி உழுந்திட்டா போல. நான் வாற வழியில கண்டு ஏத்திட்டு வந்தன்.”

கட்டுப் போடுகிறவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். இந்த வளைவில் வெயில் எரிக்கும், அடுத்த வளைவில் கை நீட்டினால் கை தெரியாத பனி நிற்கும். எந்த இடத்தில் எந்த நேரம் பனி நின்றது என்று இந்த மலையில் யார் சாட்சி சொல்வது? பொய்க்கு இப்படித் தோதான ஊர் வேறு கிடையாது.

கதை சந்திக்கு வந்து சேர்ந்தபோது ஹுமைத் நானா மகான் வரிசையில் சேர்ந்து அவ்லியா ஆகிவிட்டார். தோட்டத்து ஆட்களை ஏற்றினால் ஆசனம் அழுக்காகும் என்று முகத்தைத் திருப்புகிற டிரைவர்கள் இருந்த காலத்தில், கானில் கிடந்தவளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஹயரும் வாங்காமல் தொழிலாளர் லயத்துவாசல்வரை இறக்கிவிட்ட மனிதர்! பள்ளிவாசலில் சொன்னார்கள். தோட்டத்துக் கோவிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்ததாகவும் கேள்வி. நல்ல பேர் இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

நல்லம்மாவின் மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியது. இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற வேகம் போய்விட்டது. தோட்டத்தில் அவளைப் பிள்ளை மடுவத்துக்கு, மலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகைக்கு, மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கச் சந்திக்கு வரும்போது ஹுமைத் நானாவின் வீட்டுக்கும் வருவாள். லயத்துப் பின்னால் பறித்த கொய்யாவோ, ஒரு கட்டுக் கீரையோ கையில் இருக்கும்.

“எதுக்கு இதெல்லாம்?” என்பார் அவர், வாசலைவிட்டு வராமல்.

“இருக்கட்டும் நானா. போன ஆளு திரும்பி வந்து தூக்கினீங்களே. எத்தன பேரு வருவாங்க?”

போன ஆளு. அந்தச் சொல் அவரை நெற்றியில் அடித்தது. தெரிந்துதான் சொல்கிறாளா? அவள் முகத்தைத் துருவிப் பார்த்தார். அதில் சிரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கோணல் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

கொய்யா தட்டில் கிடந்து கனிந்து வெடித்தது. அவர் தொடவில்லை. மனைவி ஸவாஹிரா இரண்டு மூன்று ஞாயிறு பார்த்தாள்.

“தின்னுங்களேன். புழு புடிக்கப் போகுது.”

“வயித்துக்குச் சரியில்ல.”

“சந்தியில வடைக்கு வலிக்காத வயிறு, நல்லம்மாட பழத்துக்கு மட்டும் வலிக்கிதா? நல்ல வயிறு, நல்லாப் பழக்கி வெச்சிரிக்கீங்க.”

அவர் எழுந்து போய்க் காரின் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எஞ்சினை நிறுத்தவே இல்லை. இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரில், எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கினார். ஒவ்வொரு வளைவுக்கும் ஹோர்ன்; மதகு வளைவுக்கு மட்டும் கல்யாண வீட்டு மேளம்போல விடாமல் ஹோர்ன். பெட்ரோல் முள் இப்போது உண்மையாகவே இறங்கியது. சந்தியில் கேலி கிளம்பியது.

“நானாட கார் வார சத்தம் கொஸ்லந்தைக்கே கேக்குதாம்!”

“காருக்கு வயசு போயிட்டா, நானாவுக்கா?”

“காபரேட்டர் தேஞ்சி போச்சு” என்று சொல்லிவைத்தார். அதையும் நம்பினார்கள். அவர் எதைச் சொன்னாலும் நம்புவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. ஒருவராவது, “பொய் சொல்லாதீங்க நானா” என்று சட்டையைப் பிடித்திருந்தால் அவருக்குப் பாதி நோய் தீர்ந்திருக்கும்.

காலியான அந்தப் பேரை பாறூக் பிடித்துக்கொண்டான். புதிதாக ஹயருக்கு வந்தவன். பழைய ஒஸ்டின் ஒன்று வைத்திருந்தான். ஹுமைத் நானா வாயால் சொன்ன வித்தை ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்திருந்தான். ஒரு ஞாயிறு, தேநீர்க்கடையில் கூட்டம் நிறைந்திருந்த வேளையில், அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நானா, எல்லாம் சரிவந்திட்டு. அந்த மதகடி ஏத்தம் மட்டும் என்னைய ஏமாத்துது. நேத்து உச்சிக்கு ஒரு முழம் இருக்கக்குள்ள நின்டுட்டு. நாளைக்கு உம்மாவ ஏத்திட்டுப் போறன்; திரும்பி வாறப்ப அவவுக்கு அத ஏறிக் காட்டணும். வளைவுல என்னமோ ஒண்டு செய்றீங்க. அது என்ன?”

“சொல்லிக் குடுங்க நானா,” என்றார் கடைக்காரர், தேநீரை ஆற்றிக்கொண்டே. “வித்தைய கபுறுக்குள்ள கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். ஹுமைத் நானா சிரிக்கவில்லை. வளைவில் செய்வது ஒன்றுமில்லை, செய்யாமல் விடுவதுதான் வித்தை என்று சொன்னால் போதும். நாளைக்கே பாறூக் கற்றுக்கொள்வான். தாய் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பிரேக்கை மிதிக்க மாட்டான். மதகடியில் எவளாவது விறகோடு போவாள்.

கடைக்கு வெளியே, கருவாட்டுத் தட்டுக்கு முன்னால், நல்லம்மா பையோடு நின்றிருந்தாள். அவளைக் கண்டபிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. எழுந்து நின்றார்.

“எஞ்சின நிப்பாட்டாதீங்க பாறூக். யாரும் நிப்பாட்ட வாணாம்.”

“என்ன நானா, நீங்கதானே சொல்லித் தந்த?”

“நான்தான். அதாலதான் சொல்றன். நல்லம்மா அண்டைக்கு வழுக்கி உழல்ல. என்ட காருக்குப் பயந்து பாஞ்சிதான் உழுந்த. எஞ்சின் நின்டிருந்திச்சு. சத்தமில்ல. அவவுக்கு நான் வாறது கேக்கல்ல.”

ஆற்றிய தேநீர் கடைக்காரரின் கையிலேயே நின்றது. வாங்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ, “அல்லாவே” என்றார்கள்.

“அர்ச்சன வேற செஞ்சாங்களே!” என்றான் ஒருவன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஹுமைத் நானாவுக்கு மனம் கொஞ்சம் இலேசானது போல இருந்தது. சொல்லியாயிற்று. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஞாயிறு கொய்யாவைக் கண்டு ஓடினோம்?

பாறூக் மட்டும் அவரை விடவில்லை. குரலில் கேலி இல்லை; உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

“சத்தம் கேக்காட்டி என்ன நானா? பிரேக் இருந்திச்சே. நீங்க ஏன் மிதிக்கல்ல?”

ஹுமைத் நானா வாயைத் திறந்தார். அந்த ஏற்றத்துக்காக என்று சொல்ல வேண்டியதுதான். ஒரே ஒரு சொல். ஆனால் அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கார் உச்சியைக் கடந்தபோது நெஞ்சில் வந்த அந்தச் சந்தோசத்தை இந்த முகங்களுக்கு நடுவில் எப்படி எடுத்து வைப்பது? நாக்கு, பழகிய வழியிலே போய்விட்டது.

“பனி,” என்றார். “ஒரே பனி. அவ நின்டது எனக்குத் தெரியல்ல.”

பாறூக் தலையை ஆட்டினான். கடைக்காரரும் ஆட்டினார். பனியென்றால் யார்தான் என்ன செய்வது?

நல்லம்மா கருவாட்டுப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். பையை நல்ல கைக்கு மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“பனி இல்லைங்க நானா. அன்னைக்கு நல்ல வெயிலு. நா திரும்பினப்ப நீங்க என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”