சீலிங்குக்கு மட்டும் புது பெயின்ட்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பார் கிடையாது. ரசம் கிடையாது. தாளிக்கக்கூட இல்லை. காலையிலும் மத்தியானத்திலும் பிரெட், ஜாம். காரணம், எங்கள் வீட்டை வாங்க நினைப்பவர் அன்றைக்கு வந்து சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்த தோழி ஒருத்தி கொடுத்த யோசனை அது. “பெருங்காய வாசனை வந்தா வாசல்லயே திரும்பிருவாங்க அக்கா. ஊதுவத்தி கொளுத்தி வைங்க.”

ஜனக்புரியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் முழங்கால் இரண்டும் போன வருடமே ராஜினாமா கொடுத்துவிட்டன. காய்கறி வாங்க இறங்கினால் ஏறி வர அரை மணி நேரம். கோவிலுக்குப் போய் எத்தனை மாதம் ஆயிற்று... இதை விற்றால்தான் கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாங்க முடியும். எட்டு மாதமாக முயற்சி. வந்து பார்த்த மூன்று பேரும் போனவர்கள் போனவர்கள்தான்.

எனவே பத்து நாள் நாயாக உழைத்தேன். பரணில் இருந்த பத்திரிகைக் கட்டுகளைப் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவிடம் போட்டேன். குழாய்களுக்கு வாஷர் மாற்றினேன். படுக்கையறை சீலிங்கில் மழைத்தண்ணீர் ஊறிய கறை ஒன்று, பாய் அகலத்துக்கு. இரண்டு மழைக்காலமாக ஒழுகவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? பெயின்டரைப் பிடித்து சீலிங்குக்கு மட்டும் இரண்டு கோட்டிங் வெள்ளை அடிக்க வைத்தேன்.

என் கணவர் என்ன செய்தார் என்கிறீர்களா? மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவர். “இன்ஸ்பெக்‌ஷன்தானே? நான் ரெடி” என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

குரானா என்பவர் மனைவியோடு வந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். எல்லாக் குழாயையும் திறந்தார். ஃப்ளஷ்ஷை இரண்டு முறை இழுத்தார். படுக்கையறையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஆன்ட்டிஜி, சுவரெல்லாம் பழைய பெயின்ட். சீலிங் மட்டும் ஏன் புதுசு? சீலன் இருக்கா?” என்று இந்தியில் கேட்டார்.

சீலன் என்றால் நீர்க் கசிவு. டெல்லியில் வீடு வாங்குகிறவர்கள் பேய் இருக்கிறது என்றால்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

“சும்மா அழகுக்கு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், என் கணவர் “ஏக் மினிட்” என்று உள்ளே போய் ஒரு தடி ஃபைலோடு வந்தார். எல்லாம் காலனி சொசைட்டிக்கு இவர் எழுதிய கடிதங்கள். பொருள்: படுக்கையறைக் கூரையில் நீர்க் கசிவு. முதல் ரிமைண்டர், இரண்டாவது ரிமைண்டர்... பதினேழு வரை. பக்க எண் போட்டு, நாடா கட்டி, முக்கியமான இடங்களில் காகிதக் கொடி ஒட்டி!

இவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

“என்னங்க, உங்களுக்கு மூளை கீளை இருக்கா? பத்து நாளா நான் மூடி மறைக்கிறேன். நீங்க ஆதாரத்தோட காட்டிக் குடுக்கிறீங்க.”

“இன்ஸ்பெக்‌ஷன்னு வந்தா ஃபைலைக் குடுக்கணும் கமலா. அதான் முறை.”

“நான் இந்த மாடியிலயே கெடந்து சாகணும், அதானே?”

அவர் குரானாவிடம் திரும்பிப் போய்விட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது — காபி கலக்கும்போது அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளர்களோடு போனபோது, குரானா ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

“அங்கிள், சொசைட்டி மொட்டை மாடிக்குத் தார் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் லெட்டரே இல்லையே?”

“ஒழுகலை. எதுக்கு லெட்டர்?”

குரானா மனைவியின் பக்கம் திரும்பினார். “பதினேழு ரிமைண்டர் போட்ட மனுஷன் சும்மா இருக்கார்னா, கூரை சரியாத்தான் இருக்கு.”

அங்கேயே வீட்டு பேரம் முடிந்துவிட்டது.

நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி, எதையும் எழுதி ஃபைலில் போடும் இந்தக் குணத்துக்காகத்தான். பால்காரர் தாமதமாக வந்தால்கூட இவருக்குக் காகிதம் வேண்டும். என் இரண்டு கோட்டிங் பெயின்ட் கிளப்பிவிட்ட சந்தேகத்தை அந்தப் பாழாய்ப் போன ஃபைல் தீர்த்துவைத்தது என்று ஒத்துக்கொள்ள எனக்கு வயிறு எரிகிறது. என்ன செய்வது? உண்மை அதுதான்.

கிளம்பும்போது குரானா, வீட்டோடு அந்த ஃபைலும் தனக்கு வேண்டும் என்றார்.

வீட்டைக் கொடுக்க உடனே தலையாட்டிய என் கணவர், ஃபைலுக்கு மட்டும் ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறார்.