பாயை வெளியே தள்ளிய வாட்ச்மேன்

எங்கள் சாட் ரூமில் ஒரு பாய் இருந்தார். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். நான் அப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தால், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ரயில்களில் வேலைக்குப் போய் வருகிற பதினைந்து பேராவது அந்த ரூமில் இருப்பார்கள். பேச்சு தமிழ், எழுத்து இங்கிலீஷ்.

பாய்க்குச் சொந்த ஊர் பழவேற்காடு. பொன்னேரி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை. சவுதியில் இருக்கும் மகன்களோடு பேசுவதற்காகக் கற்ற ஒற்றை விரல் டைப்பிங்கோடு எங்களிடம் வந்து சேர்ந்தவர். வந்ததும் ஒவ்வொருவர் பெயராகப் போட்டு, "சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். கடைசி ஆள் வரை கேட்டு முடித்தால்தான் வேறு பேச்சு.

இன்னொருவனும் வருவான். அவனும் ஒவ்வொருவர் பெயராகப் போட்டு, ஒரே கெட்ட வார்த்தையை வரிசையாகக் கொட்டுவான். பெண்கள் வருவது குறைந்தது. எந்நேரமும் யார் காவல் உட்காருவது? ஆளில்லாமல் ரூமைத் தானே பார்த்துக்கொள்கிற ஒரு புரோகிராமை, பாட் என்பார்கள், நோண்டி நோண்டிக் கற்று வைத்தேன். வாட்ச்மேன் என்று பெயரிட்டோம். வரிக்கு முன்னால் கூப்பிடுகிற பெயரைப் பார்க்காதே, ஐந்து நிமிடத்துக்குள் ஒரே ஆளிடமிருந்து ஒரே வார்த்தை மூன்று தடவை வந்தால் தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்து என்று அதற்கு உத்தரவு. போகிறவனுக்கு ஒரு செய்தியும் எழுதியிருந்தேன்: "வெளிய போடா. இந்தப் பக்கம் தலை காட்டாத."

மறுநாள் நான் மில்லில் இருந்தபோது பாய் வந்திருக்கிறார். மூன்றாவது ஆளைச் சாப்ட்டாச்சா என்று கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் நான் உள்ளே போனதுமே, ரூமுக்கு விடாமல் வருகிற மணவாள நகர் அக்கா பிடித்துக்கொண்டார். "நல்லா வச்சப்பா காவலு. திருடனை உட்டுட்டு ஊட்டுக்காரரை தள்ளிக்கீது." அக்கா வாயில் எப்போதும் இப்படி ஒன்று தயாராக இருக்கும். பாதியை நான் சொன்னதாகவே வெளியில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

கதவை உடனே திறந்துவிட்டேன். நான்கு நாளாகியும் பாய் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து அவரை வேண்டாமென்றோம் என்று நினைத்திருப்பாரே என்பதுதான் உறுத்தியது.

ஞாயிறு காலை ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய்க் கடையைக் கண்டுபிடித்தேன்.

"பாய், நான்தான் ரூம்ல வாட்ச்மேன் வச்சவன்."

நிமிர்ந்து பார்த்தார். "நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு பாய்."

"அப்ப சொல்லு. எதுக்கு போடான்னு சொன்ன? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

மிஷினுக்கு ஆள் தெரியாது, எண்ணத்தான் தெரியும் என்று விளக்கினேன். "எல்லாரும் சாப்ட்டீங்களான்னு ஒரே வாட்டி கேட்டுடுங்க பாய். ஒண்ணும் பண்ணாது."

"அது மண்டபத்துல மைக்ல சொல்றது தம்பி. பேர் சொல்லி கேக்கலன்னா ஒருத்தரையும் கேக்கலன்னு அர்த்தம்."

"சரி, உங்களை மட்டும் தொடக்கூடாதுன்னு எழுதி வச்சிடறேன்."

"எனக்கு மட்டும் தனி வாசலா? நாளைக்கி இன்னொருத்தன் பாசமா கேப்பான். அவனைத் தள்ளுமா? வேணாம்பா, நான் இப்டியே இருந்துக்கறேன்." கருவாட்டைப் புரட்டப் போய்விட்டார்.

டைப் அடிக்கிற அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டுகிறவன் முன்பே எழுதி வைத்ததைக் காப்பி எடுத்து ஒட்டுகிறவன். நொடிக்கு ஒரு வரி விழும். பாய்க்கோ ஒற்றை விரல்.

"ஒரே ஒரு தபா என் எதிர்ல டைப் பண்ணுங்க பாய்" என்று கெஞ்சி, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைக்க வைத்து, மார்க்கெட் பக்கத்திலிருந்த பிரௌசிங் சென்டருக்கு இழுத்துப் போனேன். என் பெயரை அடிக்கச் சொல்லி வாட்ச்சைப் பார்த்தேன். ஒருவரை விசாரிக்க அவருக்கு இருபது நொடி. பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வாட்ச்மேனின் ஐந்து நிமிடத்தைப் பத்து நொடி ஆக்கினேன். அந்தப் போடாவையும் எடுத்தேன்.

பாய் ரூமுக்குள் போனார். முதல் ஆள். இரண்டாவது. மூன்றாவது ஆளுக்கு விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடிங்க பாய்."

அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்றாவது ஆள் அக்காதான். "எங்க பாய் போனீங்க? நீங்க கேக்காம இங்க ஒருத்தருக்கும் சோறு எறங்கல" என்று எழுதினார். பாய் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

எட்டாவது ஆளில் இருந்தபோது திட்டுகிறவன் நுழைந்தான். மூன்று வரி விழுந்தது. வாட்ச்மேன் தூக்கி வெளியே போட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கீபோர்டில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்த பாய் தலை நிமிர்ந்தார். "யாரோ வந்தாப்ல இருந்துச்சே?"

"அவன்தான் பாய், திட்டறவன். மிஷின் தள்ளிடுச்சு."

"நான் கேக்கறதுக்குள்ள அனுப்பிட்டியேப்பா" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவது பெயரின் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.