நாலாவது கம்பைல்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது அக்காவுக்கும் எனக்கும் கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். "போனது திரும்பாது, இருக்கிறதும் நிக்காது" என்று டாக்டர் கடைக்காரர் விலை சொல்வதுபோலச் சொன்னார். அந்த ஆளை அன்றிலிருந்தே எனக்குப் பிடிக்காது. மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். அதுவரை வேலை போகக்கூடாது, அவர் கேட்டது அவ்வளவுதான்.

நானும் அவரும் ஒரே கம்பெனி. வங்கியில் பொத்தானை அமுக்கினால் டோக்கன் தருமே, அந்த இயந்திரம் செய்கிறோம். உள்ளே ஓடும் லினக்ஸின் மைய நிரல், கெர்னல். மெனுவில் எங்களுக்கு வேண்டியதைக் குறித்து அதைக் கம்பைல் செய்வது, அதாவது இயந்திரத்துக்கேற்ற வடிவில் கட்டித் தருவது, மாமா. பத்தொன்பது வருடமாக அவர்தான். மெனுவில் எந்த வரி எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் ஒரு வருடமாக ஒப்பேற்றினார். மீதியைப் பக்கத்து நாற்காலியிலிருந்து நான் முணுமுணுப்பேன்.

புது மாடலுக்கு மூன்றாவது தடவை கம்பைல் செய்து இயந்திரத்தை பூட் பண்ணிக் கிளப்பியபோது, திரையில் கொட்டை எழுத்துகள் ஓடின. "டேய் மாப்ளே, எழுத்தெல்லாம் தெரியுதுடா!" என்று என் தோளை உலுக்கினார். வரி வரியாகச் சத்தம் போட்டுப் படித்தார். அது அவர் செய்த தப்பால் வந்த எழுத்து என்று எனக்குத்தான் தெரியும். திரையை இயக்கும் டிரைவர் நிரலுக்கு மெனுவில் நட்சத்திரம் போட்டால் அது பூட்டிலேயே எழும். 'எம்' போட்டால் தாமதமாகத்தான் வரும், அதுவரை திரை இப்படிக் கொட்டை எழுத்தோடு அரைகுறைத் தெளிவில்தான் கிடக்கும். மாமா 'எம்' போட்டிருந்தார். இரண்டும் அவருக்கு ஒரே கறுப்புப் புள்ளி.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது? கம்பெனி சின்னம் பாதி வெளிய நிக்குது. நாளைக்கு வாங்கறவங்க பார்க்க வராங்க. ஒழுங்கா வரணும்."

"நான் பண்ணிடறேன் மாமா."

"போடா வேலையைப் பார்த்துக்கிட்டு. நான் போட்ட தப்பை நானே எடுக்கறேன்."

மறுநாள் காலையில் என்னைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுப்பி விரட்டிவிட்டு, அம்புக்குறியை எண்ணி எண்ணி அமுக்கி, குறியை மாற்றி, கம்பைல் செய்தார். ஒவ்வொரு கம்பைலுக்கும் எண் தானாக ஒன்று கூடும், பூட் ஆகும்போது திரையில் வரும். "இது நாலு. நாலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனார்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. திறந்து பார்த்தேன். நட்சத்திரத்தை ஒரு வரி தள்ளிப் போட்டிருந்தார். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். சத்தமில்லாமல் திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, இயந்திரத்தில் ஏற்றினேன். அவர் வந்தபோது நான் என் இடத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

வாங்க வந்தவர்கள் முன்னால் பூட் செய்தோம். சின்னம் முழுசாக வந்தது, எழுத்து கடுகுபோலப் பொடியாக ஓடியது. மாமாவுக்கு அதில் ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் "அடடா, பிரமாதம்" என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தன் கை இன்னும் தப்பவில்லை என்று நம்பினார். பாவி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். "எத்தனாவது கம்பைல் சார்? பார்த்துச் சொல்லுங்க, தாள்ல எழுதணும்."

மாமா திரைப்பக்கம் குனிந்து, படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி, "நாலு" என்றார்.

"அஞ்சுன்னுல்ல போட்டிருக்கு?"

"இல்ல சார். நாலுதான். தெளிவா இருக்கே."

மேனேஜர் கெட்டவர் இல்லை. கையிலிருந்த தாளை நீட்டி, "இதுல ஒரு வரி படிங்க சார், போதும்" என்றார், மெதுவாக. மாமா வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். அக்காவிடம் யார் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அடக்க முடியாமல் உளறிவிட்டேன். "நான்தான் மாமா. ஒரு வரி தள்ளியிருந்துச்சு. திருத்தி, இன்னொரு தடவை ஓட்டினேன்."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல மாப்ளே" என்றார். "அஞ்சுன்னு சொல்லியிருப்பேனே."