கோட்டைச் சுவரிலிருந்து வந்த அழைப்புகள்

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. ஊருக்குப் பின்னால் குன்றின்மேல் இடிந்து கிடக்கும் பழைய கோட்டைக்கு ஏறினால்தான் பேச முடியும். அவள் டெங்குக் காய்ச்சலில் இறந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவளும் அவள் கணவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் கன்னடக்காரர், இந்து. நாங்கள் அதே நகரில் ஜீவனஹள்ளியில் ஒரு பூசைகூடத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவருடைய ஊருக்கே போய்விட்டார்கள்.

"அவ பேச்சையே இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எனக்கு மட்டும் போன் செய்வாள். காற்று இரைச்சலில் பாதி கேட்காது.

"அப்பா சாப்ட்டாராக்கா? முட்டி வலி எப்படியிருக்கு?"

நான் பள்ளி ஆசிரியை. மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருக்கும். "அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிடுவேன். "யாரும்மா?" என்பார் அப்பா. "ஸ்கூல்ல இருந்துப்பா." மூன்று வருடம் இதையே சொன்னேன்.

அவளை அந்த ஊரிலேயே புதைத்த அன்று அப்பாவும் வந்திருந்தார். எல்லாரும் கலைந்தபின் தங்கையின் கணவர் குன்றைக் காட்டினார்.

"உங்களுக்குப் போன் பண்ண அங்கதான் அக்கா டவர் சிக்கும். ஏறவே அரைமணி ஆகும். வெயில்ல பேடா, வேணாம்னு சொன்னாலும் கேக்கமாட்டா."

அப்பா ஏறத் தொடங்கினார், நான் பின்னாலேயே போனேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மேலே முள்செடி மண்டிய ஒரு கொத்தளமும் பாதிச் சுவரும்தான் மிஞ்சியிருந்தன. அந்தச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டாளா?"

"எல்லா வாரமும் கேட்டாப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்கதானே அவ பேச்சே..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். ஒரு தடவ போனை என் கையில குடுத்திருக்கலாம்ல?"

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோளைத் தொடப் போனேன், விலகி உட்கார்ந்தார்.

இப்போது மாதம் ஒருமுறை அப்பா பஸ் ஏறி அந்த ஊருக்குப் போகிறார். மருமகனோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறார். போன மாதம் நானும் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீ வீட்ல இரும்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே மறுபடி கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.