படாத உதை

ஐம்பது வயதைத் தாண்டி, அலமாரி நிறையப் புத்தகம் படித்துத் தீர்த்த பிறகு, சொந்தத் தம்பியை எட்டி உதைத்தேன். உதை படவில்லை. இன்றுவரை கூச்சமாக இருப்பது அதுதான்.

ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் கொல்லைக்காட்டில் வரப்புத் தகராறு. பொது வரப்பை அவன் மண்வெட்டியால் என் பக்கமாகக் கொத்திக்கொண்டிருந்தான். நான் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தேன். அவன் இன்னும் தரமான கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான். சட்டையைப் பிடித்தேன், தோள்பட்டை வரை கிழிந்தது. விலகி நின்று மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினான். அவன் விலாவைக் குறிவைத்துக் காலைத் தூக்கி வீசினேன். அவன் ஓரடி நகர்ந்துகொண்டான். என் தொடையிடுக்கில் பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். குப்புற விழுந்தேன்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தபோது நான் மண்ணில் கிடந்து அலறுகிறேன். அவன் மண்வெட்டியோடு நிற்கிறான். என் மனைவியின் அண்ணன் அன்று மாலையே ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்.

"நான்தாங்க உதைச்சேன்" என்று ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் என் கண்ணாடியைப் பார்த்தார். தொப்பையைப் பார்த்தார்.

"தம்பியக் காப்பாத்தப் பாக்கறீங்க சார். உங்களால உதைக்கவெல்லாம் முடியுமா? ஆபரேஷன் முடியட்டும். அடிச்சதால வந்த காயம்னு டாக்டர் எழுதிட்டார்னா, அவன உள்ள தூக்கி வச்சுருவேன்."

ஆக, தம்பி சிறைக்குப் போவதா வேண்டாமா என்பதற்கான சாட்சி என் இடுப்புக்குள் இருந்தது.

பெரம்பலூரில் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். பாதத்தை ஒரு பூட்ஸில் பூட்டி, தொடையிடுக்கில் கம்பத்தை முட்டுக்கொடுத்து, காலை இழுத்தார்கள். பிரியாணிக் கோழியின் தொடையைப் பிய்க்கிறவன்கூட அவ்வளவு மும்முரமாக இழுப்பதில்லை. மூட்டு கழன்று இடைவெளி விட்டதும் சின்னச் சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை நுழைத்தார்கள். எதிரே திரையில் என் மூட்டு. தொடையெலும்பு பொருந்தும் கிண்ணத்தின் விளிம்பு கிழிந்து, உள்ளே பாய்ச்சிய தண்ணீரில் நார் நாராக ஆடியது. டாக்டர் சுழலும் முனையை உள்ளே விட்டு எலும்பைச் சீவினார். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை என் தொடைக்கு மாற்றிவிட்டது போல் இரைச்சல். வெள்ளைத் தூள் தண்ணீரில் சுழன்றது. பிறகு எலும்பில் முளை அடித்து, விளிம்பை நூலால் இழுத்துத் தைத்தார். வலி துளியும் இல்லை. யாரையோ போட்டு வதைப்பதை மல்லாந்து படுத்து வேடிக்கை பார்க்கிற நிலை.

"டாக்டர், இது தம்பி அடிச்சதா?"

"யாரும் அடிக்கலைங்க. எலும்பு ரொம்ப வருஷமாவே புடைச்சு வளந்துருக்கு. கால உசரத் தூக்குனா கிண்ணத்துல இடிக்கும். தூக்கின வேகத்துல விளிம்பு கிழிஞ்சு, உள்ள இருக்கற தசைநாரும் பிஞ்சுருக்கு. என்ன பண்ணுனீங்க?"

"உதைச்சேங்க!"

அவ்வளவு மகிழ்ச்சியாக எவனும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

டாக்டர் அப்படியே எழுதிக் கொடுத்தார். புகார் முடிந்தது. தம்பி வீட்டுக்கு வந்து, என் ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆபரேஷன் வீடியோவைக் கைப்பேசியில் காட்டினேன்.

"இங்க பாருடா, எலும்பு இடிச்சுருச்சு. அதான் உதை படல."

முழுவதையும் பொறுமையாகப் பார்த்தான்.

"ஏண்ணே, எலும்பு இடிக்கலன்னா மட்டும் பட்டுருக்கும்னா நெனைக்கிற?"