தள்ளுவண்டிக்குச் சொன்ன சாரி

"சாரி," என்கிறார் நார்மன் தர்ல்வெல். ரொட்டிக்கடை வாசலில் அவர் காலை மிதித்தது ஒரு பெண்மணி. மன்னிப்புக் கேட்பது இவர். அவளும் "சாரி" என்கிறாள். இவர் இன்னொரு "சாரி" போட்டு முடித்துவைக்கிறார். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்தப் பழைய சுரங்க ஊரில் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. நார்மனுக்கு முற்றிவிட்டது, அவ்வளவே.

வழி வேண்டுமென்றால் சாரி. காதில் விழவில்லையென்றால் சாரி. தும்மினால் சாரி. பஸ்ஸில் உட்காருமுன் காலி இருக்கைக்கே ஒரு சாரி. "கல்யாணத்தன்னிக்குப் பாதிரியாரு 'சம்மதமா'ன்னு கேக்கறாரு, இந்த மனுஷன் 'சாரி?'ங்கறாரு. எங்கம்மாவுக்கு மயக்கமே வந்துருச்சு," என்று மனைவி ஈனிட் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

இத்தனைக்கும் அந்தச் சொல் பிறந்தது புண், வலி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வயிற்றில். உள்ளே நோகிறது என்பதுதான் முதல் பொருள். நூற்றாண்டுகளாக வாயில் புரண்டு வலியெல்லாம் தேய்ந்துபோய், இப்போது கனைப்பதற்குப் பதிலாகக்கூட அதைச் சொல்கிறார்கள். நார்மன் ஒரு நாளில் சொல்வதையெல்லாம் மனதார நொந்து சொன்னால் ஆள் மதியத்துக்குள் படுத்துவிடுவார், பாவம்.

போன செப்டம்பரில் அந்தச் சொல் அவரைக் கைவிட்டது. ஊரில் லீக்ஸ் போட்டி. வெங்காயத்தின் சொந்தக்காரனான அந்தப் பச்சைத்தண்டை யார் தொடை கனத்துக்கு வளர்க்கிறார் என்று பார்ப்பார்கள். ஆண்கள் வருஷம் முழுக்கப் பீர் ஊற்றி, ரகசியமாய்த் தாலாட்டி வளர்ப்பார்கள். நார்மனுக்கு அடுத்த பாத்தி, நாற்பது வருஷ சிநேகிதர் வில்ஃப் சார்ல்டனுடையது. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு நார்மன் ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டார். "சாரி," என்று அதற்கு மரியாதையாக வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வில்ஃபின் லீக்ஸ்களிலேயே பெரியது அவர் பூட்ஸுக்கடியில் நசுங்கியது.

"சாரி, வில்ஃப்! சாரி, சாரி!"

வில்ஃப் நசுங்கியதைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"யோவ், இதே சாரிய இப்பத்தானே அந்த வண்டிக்குச் சொன்ன? எனக்கும் அதுதானா?"

பிறகு பேச்சே இல்லை. போட்டிக்கு முன் எதிராளியின் பாத்தியை நாசமாக்குவது இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதியல்ல என்று ஊர் முணுமுணுத்தது. நார்மனுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிப் பார்க்க வேறு சொல்லும் கைவசம் இல்லை.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம், மூடிய பானையோடு வில்ஃப் வீட்டுக் கதவைத் தட்டினார். வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டார்.

வில்ஃப் மூடியைத் தூக்கினார். லீக்ஸ் சூப்.

"இது... உன் பெருசா?"

"ஆமா."

"பைத்தியக்காரா! நாளைக்குக் கோப்பை உனக்குத்தான்யா!"

நார்மன் பானையை நீட்டினார். பானையை வாங்க முன்னால் வந்த வில்ஃபின் கனத்த பூட்ஸ் அவர் கால்மேல் ஏறி நின்றது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஊர் வழக்கப்படி, சொல்லவேண்டியவர் நார்மன்.

"வலிக்குதுய்யா," என்றார். கண் கலங்கியிருந்தது.

வில்ஃப் காலை எடுத்தார். உள்ளே போய் மேஜைமேல் இரண்டு கிண்ணம் வைத்தார்.