மாரிமுத்து பெயருக்கு வந்த நோட்டீஸ்

மாரிமுத்துவைப் பாசன இலாகாவுக்கு எதிராகத் தூண்டிவிட்டவள் நான்தான் என்று இரங்கல் கூட்டத்தில் இருவர் பேசினார்கள். பொய். அவரை யாராலும் தூண்டவோ அடக்கவோ முடியாது. முயன்று தோற்றவள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் செல்வி வந்து, "அப்பா போயிட்டாங்கம்மா" என்றாள். கையில் பிரிக்காத தபால். "எது வந்தாலும் அம்மாகிட்ட கொடு, படிச்சுச் சொல்வாங்கன்னாரு." பிரித்தேன். அரசு வாய்க்காலின் குறுக்கே தடுப்பு வைத்ததற்காக அவர் மீது நடவடிக்கையாம். தடுப்பையும் அகற்றுவார்களாம்.

அவர் என் குத்தகைக்காரர். என் கணவர் இறந்தபின் நிலத்தைத் திருப்பிக் கேட்டேன். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாதென்ற சட்டத்தைக் காட்டித் திருவாரூரில் வழக்காடி என்னை வென்றார். நான்கு ஆண்டுகள் பேசவில்லை. ஒரு கோடையில் வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு வாய்க்கா வெட்டு. உங்க சொந்தப் பண்ணை பேருக்குத் தூர் வார ஒரு ஆளு வரணும்."

"கோர்ட்டுக்கு இழுத்துவிட்டு என்னிடமே ஆள் கேட்கிறீரா?"

"வழக்கு வேற, வாய்க்கா வேறம்மா. தண்ணிக்குத் தீர்ப்பெல்லாம் தெரியாது."

ஆள் அனுப்பினேன்.

அந்தக் குத்தகைச் சட்டத்தை நான் இன்றும் ஏற்கவில்லை. என் சொத்தில் அரசு கை வைத்தது என்றே சொல்வேன். அவரிடமே சொன்னேன். "அது இல்லாட்டி என்னை எறக்கி விட்டிருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன். "பொய் சொல்லலியே, போதும்" என்று சிரித்தார்.

கோடையில் வாய்க்கால் தூர்வார நிலத்துக்கு ஓர் ஆள். ஆள் அனுப்பாதவன் வயலுக்குக் கடைசியில்தான் தண்ணீர். எந்த அமைச்சரும் கையெழுத்திடாத சட்டம் அது. ஒரு கோடையிலும் தவறியதில்லை. பிறகு, எல்லாம் அரசே செய்யும், மண்வெட்டியைக் கீழே வையுங்கள் என்றார்கள். ஊர் கைதட்டியது. மாரிமுத்து தட்டவில்லை.

"கல்லணைய அவங்க பாத்துக்கட்டும், கடைசி வாய்க்கால நாம பாத்துக்குவோம். ரெண்டையும் கொடுத்துட்டா நாம மனுப் போடற ஊராயிடுவோம்."

ஆனோம். இந்த ஆண்டு காண்ட்ராக்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஆழமாகத் தோண்டினார். ஆழம் கூடினால் வேலை நல்லதென்று நினைத்தார்கள் மேதாவிகள். தண்ணீர் வந்தது; வயல் மடைகளுக்கு ஒரு முழம் கீழேயே ஓடிப்போனது. எந்த ஆழத்தில் தோண்டுவதை நிறுத்த வேண்டுமென்று மாரிமுத்துவின் மூங்கில் கோலில் குறி இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பார்வையிட வந்த அதிகாரியிடம் மாரிமுத்து, "தண்ணி மேல ஏறணும்ல சார், ரெண்டு படியும் கட்டிக் கொடுத்துடுங்க" என்றார்.

அதிகாரி மனு எழுதித் தரச் சொன்னார். மூன்று எழுதினேன். பதில் இல்லை. நாற்று காய்ந்தது. மாரிமுத்து மறுபடி என் வாசலுக்கு வந்தார். "வைக்கோலும் மூங்கிலும் வேணும்மா." கொடுத்தேன். ஆளும் அனுப்பினேன். ஊர் கூடி வைக்கோலும் மண்ணும் போட்டுத் தடுப்பு வைத்தது. தண்ணீர் ஏறியது. இதுதான் அவர் செய்த குற்றம்.

அந்த மூங்கில் கோலைச் செல்வி என்னிடம் கொடுத்துவிட்டாள். என்னை வென்றவரிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். வரும் கோடையில் அதை எடுத்துக்கொண்டு நானே வாய்க்கால் கரையில் நிற்பேன்.

பாசன இலாகா பொறியாளருக்கு: இறந்தவரை நீங்கள் விசாரிக்க முடியாது. நோட்டீஸில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். கான்வென்டில் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், செய்ததற்குக் கையெழுத்திடு என்பது. தடுப்பை எடுத்தால் நாற்றுக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்பதையும் சொல்லுங்கள். நேரில் வர வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.